உமி, ஆர்கான், மார்ச் 31: ஒரு பேட்டரி ஆய்வுத் திட்டத்தில் நான் பட்டதும் கற்றதும்

நிதி ஒதுக்கிய சாங்ஷன் ஆர்டர் வந்த அன்று எனக்குக் கை நடுங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை நான். மூன்று ஆண்டுத் திட்டம், 38 லட்ச ரூபாய், மத்திய அரசின் ஆய்வு நிதி. நெல் உமியிலிருந்து சிலிக்கான் எடுத்து, செல்போன், லேப்டாப் போன்றவற்றின் லித்தியம்-அயன் பேட்டரிக்கு ஆனோடு, அதாவது சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் முனை, செய்வதுதான் தலைப்பு. இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு மூன்றாவது முறை கிடைத்தது. வீட்டில் சொன்னபோது அம்மா சந்தோஷப்படவில்லை, பயந்துபோனார். "அவ்வளவு பணத்துக்கும் நீதான் கணக்கு காட்டணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய ஓராண்டு ஆனது.

இதை எழுதுவது, சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து பேட்டரி ஆய்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பேட்டரிக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது, அரசுப் பணத்துக்கு வேறொரு காலக்கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் விண்ணப்பம் போடாதீர்கள். நான் பார்க்கவில்லை.

முதலில் உமி ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான போன்களின் பேட்டரியில் ஆனோடு கிராஃபைட்தான். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு மின்னூட்டம் பிடிக்கும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால், ஏட்டுக் கணக்குப்படியே 13 கிராமுக்கு மேல் கிராஃபைட் வேண்டும். சிலிக்கான் ஒரு கிராமுக்கு 3579 பிடிக்கும். அதே போனுக்கு ஒன்றரை கிராம்கூட வேண்டாம். ஆனால் லித்தியம் உள்ளே நுழையும்போது சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாக உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. நாலு முறை உப்பிச் சுருங்கினால் துகள் நொறுங்கிவிடும், செப்புத் தகட்டிலிருந்து உதிர்ந்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் உலகமெங்கும் ஆய்வு நடக்கிறது. அமெரிக்காவின் சிலா நிறுவனத்தின் சிலிக்கான் ஆனோடு 2021-ல் ஊப் என்ற கைப்பட்டைக் கருவியில் சந்தைக்கு வந்தது. 2023-ல் சீனாவின் ஹானர் நிறுவனம் மேஜிக்5 புரோ போனில் சிலிக்கான்-கார்பன் பேட்டரி வைத்தது. ஆக இது கனவு இல்லை. உமியோ நம் ஊரில் மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா.

எங்கள் ஊர் ரைஸ் மில்லுக்கு முதல்முறை சாக்கோடு போய் நின்றபோது மில்காரர் நம்பவே இல்லை. "டீச்சர், உமியில செல்போன் பேட்டரியா? நாங்க பாய்லர்ல போட்டு எரிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். பாய்லர் சாம்பலையே இலவசமாக ரெண்டு மூட்டை தருவதாகவும் சொன்னார். ஆசையாக வாங்கி வந்தேன், ஆனால் பயன்படவில்லை. பாய்லர் சூட்டில் சிலிக்கா படிகமாக இறுகிவிடுகிறது, கரியும் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பச்சை உமியை வாங்கி, முதலில் அமிலத்தில் கொதிக்கவைத்து அதிலிருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றி, பிறகு 700 டிகிரியில் எரித்தால்தான் விபூதி மாதிரி வெள்ளையாக, மிருதுவாக வரும். ஒரே மில்லின் குறுவை உமிக்கும் சம்பா உமிக்கும் எங்களுக்கு வந்த சாம்பலின் நிறமே வேறாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாக்கிலும் தேதி, ரகம், மில் பெயர் எழுதிய சீட்டு கட்டினோம். காசு செலவில்லாத இந்த வேலை பிறகு ஆறு மாதக் குழப்பத்தைத் தவிர்த்தது.

இனி விண்ணப்பம். முதல் முறை "தற்போதைய பேட்டரியைவிடப் பத்து மடங்கு கொள்ளளவு" என்று எழுதியிருந்தேன். 3579-ஐ 372-ஆல் வகுத்தால் அப்படித்தான் வருகிறது. மதிப்பீட்டாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: ஆனோடு பத்து மடங்கானாலும் கேத்தோடு அதேதானே, முழு செல்லில் எவ்வளவு கூடும்? நியாயமான கேள்வி. கேத்தோடு என்பது மறுமுனை; பேட்டரியின் எடையில் ஆனோடு ஒரு பகுதிதான். இரண்டாம் முறை வாக்குறுதியைக் குறைத்தேன், ஆனால் 30 லட்சத்துக்கு ஒரு க்ளவ் பாக்ஸ் கேட்டிருந்தேன். "இந்தக் கல்லூரியில் இதைப் பராமரிக்க என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

க்ளவ் பாக்ஸ் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லித்தியமும், இரு முனைகளுக்கும் நடுவே ஊற்றும் திரவமான எலக்ட்ரோலைட்டும் காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்காது. அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய, கண்ணாடி முகப்பு உள்ள பெட்டிக்குள், தடித்த ரப்பர் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் செல்லை மூட வேண்டும். உள்ளே ஈரமும் ஆக்ஸிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதை வாங்குவது யானையை வாங்குவது மாதிரி, தீனிதான் செலவு. மாதாமாதம் ஆர்கான் சிலிண்டர், வடிகட்டிப் படுகையைப் புதுப்பிக்க ஹைட்ரஜன் கலந்த வாயு, கையுறை, பம்ப் ஆயில், உணர்கருவி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். மூன்றாண்டுத் திட்டம் முடிந்தால் தீனி போட ஆள் இல்லை. பல கல்லூரிகளில் அணைத்துவைத்த க்ளவ் பாக்ஸைப் பார்த்திருக்கிறேன், அதன் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள் இருக்கும்.

மூன்றாவது விண்ணப்பத்தில் க்ளவ் பாக்ஸைத் தூக்கிவிட்டேன். நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், மாதம் இரண்டு நாள் அவர்கள் பெட்டியைப் பயன்படுத்தலாம் என்று எழுத்துமூலமாக அனுமதி வாங்கி இணைத்தேன். என் பட்ஜெட்டில் வைத்தது ட்யூப் ஃபர்னஸ் என்கிற குழாய் உலை, வேக்குவம் அவன், ஒரே நேரத்தில் எட்டு செல்லைச் சோதிக்கும் 8 சேனல் பேட்டரி டெஸ்டர், ஓர் ஆய்வு மாணவர், பயணப்படி. நிதி கிடைத்ததற்குப் பெரிய காரணம் அந்த ஒரு பக்க அனுமதிக் கடிதம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எலக்ட்ரோடை எங்கள் ஆய்வகத்திலேயே செய்வோம். சிலிக்கான், கார்பன், துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர் மூன்றையும் தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்கு அரைத்து, செப்புத் தகட்டில் பிளேடால் இழுத்து, உலர்த்தி, வட்டம் வட்டமாக வெட்டுவோம். ஈரம் புகாத டெசிக்கேட்டரில் அடைத்து விடிகாலை பஸ்ஸில் கொண்டுபோய், அங்கே செல்லை மூடி, மறுநாள் திரும்பக் கொண்டுவருவோம். நாணய வடிவில் மூடிய அந்தக் காயின் செல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும். உறையில்லாமல் ஒன்றோடொன்று உரசினாலோ உலோக டப்பாவில் போட்டாலோ ஷார்ட் ஆகி, பஸ்ஸிலேயே செல் வீணாகும். என் மாணவி முதல் பயணத்துக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு கடையில் பிளாஸ்டிக் டப்பா வாங்கி மாற்றிக்கொண்டோம். மூன்றாண்டும் அதே டப்பாதான்.

பணம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்றாண்டு என்பது ஆர்டரில் இருக்கும் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, பணம் கணக்கில் விழும் நாளிலிருந்து அல்ல. எங்களுக்கு அந்த இடைவெளி மூன்று மாதம். பிறகு ஃபர்னஸுக்கு அரசு மின்சந்தையான ஜெம் தளத்தில் ஏலம். மிகக் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் ஆர்டர் போகும், அதை எல்1 என்பார்கள். நான் எழுதிய விவரக்குறிப்பு நாலு வரி: இத்தனை டிகிரி, இத்தனை நீளம், குவார்ட்ஸ் குழாய், வாயு நுழைவாய். வந்த ஃபர்னஸ் அந்த நாலு வரிக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு முனையிலும் இருந்த அடைப்பு வாயுவைப் பிடிக்கவில்லை. ஆர்கான் ஓடவிட்டால் அந்தப் பக்கம் காற்று உள்ளே வந்தது. முதல் மூன்று முறையும் சிலிக்கானுக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டிதான் கிடைத்தது. விற்றவரைக் கேட்டால், "மேடம், லீக் டெஸ்ட்டுன்னு உங்க பேப்பர்ல எங்கேயும் இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. குழாயை வேக்குவத்தில் வைத்து அரை மணி நேரம் அழுத்தம் ஏறாமல் நிற்க வேண்டும், அதை நம் ஆய்வகத்திலேயே காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். விவரக்குறிப்பை நீங்கள் தனியாக எழுதாதீர்கள். அதே கருவியை வைத்துக் கஷ்டப்பட்ட ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் அறிவியல் ஆய்வுக்கான கொள்முதல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியது. விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தது. எனக்கு அது உதவக் காலம் கடந்துவிட்டது. உங்கள் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று ஆர்டர் வந்த வாரமே கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சிலிக்கான் எடுக்கும் வேலையில் ஒரு நாளை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும், பாதுகாப்புக்காக. சிலிக்காவோடு மெக்னீசியத் தூளைக் கலந்து 650 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மெக்னீசியம் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கானை விட்டுவிடும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் மெக்னீசியம் ஆக்ஸைடு கரைந்து, பழுப்பு நிறத்தில் சிலிக்கான் தங்கும். அன்று என் மாணவி அமிலத்தை ஊற்றியதும் பீக்கருக்குள் படபடவென்று சின்னச் சின்னத் தீப்பொறி வெடித்தது, கம்பி மத்தாப்பு மாதிரி. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மெக்னீசியம் கூடிப்போன இடத்தில் மெக்னீசியம் சிலிசைடு உண்டாகிறது. அது அமிலம் பட்டதும் சிலேன் வாயுவை விடுகிறது, சிலேன் காற்றைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும். புகைக்கூண்டுக்குள் செய்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, நைட்ரஜன் ஓடவிட்டு, பொடியைத்தான் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். பொடியில் சோடியம் குளோரைடையும் கலந்து சூடாக்கினோம். அந்த வினையில் கிளம்பும் சூட்டை உப்பு உருகித் தன்மேல் வாங்கிக்கொள்கிறது, அதனால் துகள்கள் ஒட்டிக் கட்டியாகாமல் நுண்ணிய துளைகளோடு கிடைக்கின்றன. பிறகு தண்ணீரில் கழுவினால் உப்பு போய்விடும். மூன்றாண்டில் எங்களுக்குக் கிடைத்த நல்ல முன்னேற்றங்களில் ஒன்று, ஆய்வகத்தின் மலிவான பொருளான அந்த உப்பிலிருந்து வந்தது.

இப்போது கணக்கு.

எந்த மாணவரும் முதல் செல்லை ஓடவிட்டு 99.5 சதவீதத் திறன் வந்தால் துள்ளிக் குதிப்பார். உள்ளே போன மின்னூட்டத்தில் 99.5 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள். நம் ஊரில் நூற்றுக்கு 99.5 என்றால் பள்ளிக்கூட வாசலில் பேனர் வைப்பார்கள். பேட்டரியில் அது தோல்வி. ஒரு முறை சார்ஜ் ஏறி இறங்குவதை ஒரு சுற்று என்போம். முழு செல்லில் ஒவ்வொரு சுற்றிலும் அரை சதவீத லித்தியம் தொலைந்தால் 100 சுற்றில் மிஞ்சுவது 61 சதவீதம்தான். 99.9 வந்தாலும் 800 சுற்றில் 45 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு 99.97-க்கும் சற்று மேல் வேண்டும். சிலிக்கான் ஒவ்வொரு முறை உப்பி விரியும்போதும் புதுப் பரப்பு வெளிப்பட்டு, அதன்மேல் எலக்ட்ரோலைட் சிதைந்து படிந்து, லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் கடைசி அரை சதவீதத்தில் இந்தத் துறையின் வாழ்வும் சாவும் இருக்கிறது.

காயின் செல்லில் எதிர்முனையாக லித்தியத் தகட்டையே வைப்போம், அதை ஹாஃப் செல் என்போம். அதில் லித்தியம் அள்ள அள்ளக் குறையாது. அதனால் எவ்வளவு தொலைந்தாலும் கொள்ளளவு வரைபடம் நேர்க்கோடாகத் தெரியும். இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் இடம். எங்கள் முதல் ஆண்டு அறிக்கை முழுக்க அப்படிப்பட்ட அழகான கோடுகள்தான். இரண்டாம் ஆண்டில் கடையில் வாங்கிய கேத்தோடு தகட்டோடு ஜோடி சேர்த்து முழு செல் செய்தபோது 40 சுற்றில் படுத்துவிட்டது. அன்று அழுதேன். அது முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டியது. விண்ணப்பத்திலேயே முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முழு செல் என்று எழுதிவிடுங்கள். எழுதிவைத்தால் செய்துதான் ஆக வேண்டும்.

காலத்தையும் கணக்குப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் சார்ஜ், இரண்டு மணி நேரத்தில் டிஸ்சார்ஜ் என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம். 800 சுற்றுக்கு 3200 மணி, அதாவது 133 நாள். இதைக் குறுக்குவழியில் முடிக்க முடியாது. வேகமாக ஓட்டினால் அது வேறு சோதனை. ஒரே ஒரு செல்லை நம்ப முடியாது, ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று செல் வேண்டும். இரண்டு பைண்டரை ஒப்பிட்டாலே ஆறு சேனல் போய்விட்டது. என்னிடம் இருந்தது எட்டு. பணம் வர மூன்று மாதம், ஃபர்னஸ் சரியாக இன்னும் ஐந்து மாதம், டெஸ்டர் வந்து சேர மேலும் சில மாதம் என்று கழித்தால், 36 மாதத் திட்டத்தில் நீண்ட சோதனையை நாலைந்து முறைதான் ஓட்ட முடியும். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது பதினான்கு.

அதில் ஒன்றை மின்வெட்டு தின்றது. ஆறாவது சேனலில் ஒரு முழு செல், எங்கள் கையால் செய்ததில் ஆகச் சிறந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. அதிலிருந்த பேட்டரிகள் ஆறாண்டுப் பழையவை, மாற்ற எந்தச் செலவுத் தலைப்பிலும் பணம் இல்லை. விடிந்து வந்து பார்த்தபோது 217-வது சுற்றில் திரை நின்றிருந்தது. ஏ.சி.யும் நின்றதால் அறை 36 டிகிரி. திரும்ப ஓடவிட்டோம், ஆனால் அந்த இடத்தில் கோடு உடைந்து இறங்கியது. இறங்கியது செல்லின் குணமா, அந்த ராத்திரியின் சூடா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கட்டுரைக்கு அந்தத் தரவைப் பயன்படுத்தவில்லை. யுபிஎஸ் பேட்டரிக்கும், செல்களை ஒரே வெப்பத்தில் வைக்கும் சின்ன இன்குபேட்டருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நிதியாண்டு முடியும் மார்ச் 31 பற்றி. இரண்டாம் தவணை வர முதல் ஆண்டின் செலவுக் கணக்கும் யூசி என்கிற பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். அதில் கல்லூரி நிதி அலுவலர், முதல்வர், ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் அந்தத் தாள் ஏழு வாரம் ஒரே மேசையில் கிடந்தது. அந்த ஆண்டு கணக்கில் மிச்சமிருந்த பணமும் மார்ச் முடிவில் திரும்பிப் போய்விட்டது, புது ஆண்டில் மறுபடி விடுவிக்கக் காத்திருந்தோம். கருவி காத்திருக்கும், உமியும் காத்திருக்கும். என் மாணவிக்கு ஐந்து மாதம் உதவித்தொகை வரவில்லை.

ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் அது மரியாதையான தொகைதான். அவள் அப்பா அச்சகத் தொழிலாளி, தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான், விடுதிக் கட்டணம் மாதாமாதம் கட்ட வேண்டும். மூன்றாம் மாதம் என் அறைக்கு வந்து, "மேடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ட்யூஷன் எடுத்துக்கட்டுமா? டெஸ்டரை ஒம்பது மணிக்கு வந்து பார்த்துடறேன்" என்று கேட்டாள். ஆள் இல்லாத ஆய்வகத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண்பிள்ளை வந்து செல்லைப் பார்ப்பதை நான் எப்படி அனுமதிப்பது? நானும் கூட இருந்தேன். என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன், கடன் என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒரு நாட்டின் ஆய்வு ஓர் ஆசிரியையின் சம்பளத்திலும் ஒரு பெண்ணின் பொறுமையிலும் ஓடக் கூடாது. இதில் எனக்குக் கோபம் உண்டு, அது இன்னும் போகவில்லை. மற்ற தலைப்புகளில் தாமதமானால் வேலைதான் தாமதமாகும், உதவித்தொகை தாமதமானால் ஆளே போய்விடுவார். நீங்கள் முதன்மை ஆய்வாளராக ஆகும் நாளே, தவணை தாமதமானால் உதவித்தொகையைக் கல்லூரி முன்பணமாகக் கொடுத்து, பணம் வந்ததும் கழித்துக்கொள்ளும் என்று நிர்வாகத்திடம் தீர்மானம் வாங்கிவிடுங்கள். திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கென வரும் ஓவர்ஹெட் தொகை கல்லூரிக்குத்தானே போகிறது, அதைக் காட்டிக் கேளுங்கள். தயக்கமே வேண்டாம்.

இத்தனையும் பட்ட பிறகு, தனியார் கம்பெனியிடம் பணம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். அப்படி நினைக்கவில்லை. இந்தத் துறையின் வரலாறே வேறு மாதிரி. 1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி லித்தியம் பேட்டரிக்கு வழி கண்டார், பின்னர் நிறுவனம் அதைக் கைவிட்டது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் குழு லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு கேத்தோடைக் கண்டுபிடித்தபோது, காப்புரிமை எடுக்கப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை. பிரிட்டனின் அரசு அணுசக்தி ஆய்வுக்கூடமான ஹார்வெல்தான் எடுத்தது. சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-ல். பதினோரு ஆண்டு யாருக்கும் லாபம் இல்லாத ஒன்றை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம் 1980-களில் குட்எனஃபோடு சேர்ந்து செய்த வேலை, பிறகு வந்த இரும்பு பாஸ்பேட் கேத்தோடு வகைக்கு அடித்தளமானது. 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரம். எம்.எஸ்சி. வகுப்பில் இதை நான் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

காரைக்குடி சிக்ரியும் அப்படித்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. போனுக்குப் பேட்டரி என்ற எண்ணமே இல்லாத காலத்தில் போட்ட பணம்.

ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் அறிவித்த 18,100 கோடி உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் செல் தொழிற்சாலைக்கானது, அதில் நமக்கு இடம் இல்லை. 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ஆய்வு-மேம்பாட்டுக் கண்டுபிடிப்புத் திட்டம், ஆய்வகத்தைத் தாண்டி ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு. நாம் விண்ணப்பிக்க வேண்டிய இடம் 2023 சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை மாதிரியான அமைப்புகள். அதற்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். செய்தித்தாளில் கோடிகளைப் பார்த்துவிட்டு நமக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். நம் அளவுக்கான கதவு சின்னது, அதைத் தேடித் தட்ட வேண்டும்.

எங்கள் திட்டம் முடிந்துவிட்டது. இரண்டு கட்டுரை, கிராஃபைட்டில் பத்து சதவீத உமிச் சிலிக்கான் கலந்த ஆனோடு, முழு செல்லில் 300 சுற்று. 800 எட்டவில்லை. பத்து மடங்கு என்று தொடங்கிய எனக்கு இந்தப் பத்து சதவீதம்தான் உண்மையான விடை என்று இப்போது தெரிகிறது. என் மாணவி 29-வது மாதம் விலகி, ஒரு பேட்டரி கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் என் கடனை அனுப்பிவிட்டாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

இப்போது அடுத்த விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேதியியலை எழுதுவதற்கு முன் பட்ஜெட்டை எழுதினேன். கருவி இரண்டே இரண்டு: 16 சேனலில் இன்னொரு டெஸ்டர், ஓர் இன்குபேட்டர். யுபிஎஸ் பேட்டரி மாற்ற ஒரு வரி, ஜெனரேட்டர் லைனை ஆய்வகத்துக்கு இழுக்க ஒரு வரி. முதல் எட்டு மாதத்தில் எந்த முடிவும் வாக்குறுதி தரவில்லை, கொள்முதலும் பயிற்சியும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். நீண்ட சோதனை நான்கு. போன வாரம் மாணவிக்கு வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டேன். இரவு பத்தரைக்குப் பதில் வந்தது: "மேடம், ஜே.ஆர்.எஃப். ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. ரெண்டு கேளுங்க. ராத்திரி ஒருத்தி தனியா வந்து பார்க்க வேண்டாம்."

இரண்டாக மாற்றிவிட்டேன்.